ராஜலிங்கம் ஏற்றிச் சென்ற பேராசிரியர்கள்

கட்டுகஸ்தோட்டையில் ராஜலிங்கத்தின் வீட்டுக்குள் நுழைகிற எவரும் முதலில் ஓர் உடற்பயிற்சிச் சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொள்வார்கள். அதன் கைப்பிடியில் எப்போதும் ஈரத்துணி காயும். அதைத் தாண்டினால் ஆர்கிட் தொட்டிகள். அப்பால் மீன் இல்லாத மீன்தொட்டி. அதில் ராஜலிங்கத்தின் மனைவி இராஜகுமாரி வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்திருந்தாள். மூலையில் கண் தெரியாத ஒரு கிழட்டு நாய். அதற்குச் சிங்களத்தில் சொன்னால்தான் விளங்கும். இவற்றில் ஒன்றையும் அந்தக் குடும்பம் வாங்கவில்லை. எல்லாம் நாட்டை விட்டுப் போன பேராசிரியர்கள், விற்கவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் கடைசி நாளில் ராஜலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனவை.

ராஜலிங்கத்துக்குத் தொழில் வேன். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆட்களை ஏற்றிக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறக்கிவிடுவார். ஊரில் அவருக்கு எயார்போர்ட் ராஜா என்று பெயர். ஹந்தானை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்தவர். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை மலையிறங்கி நடக்க வேண்டும். அவர் நடந்தார். ஓ எல் என்கிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் காலை வாரியது. மரக்கறி லொறியில் கிளீனரானார், பிறகு அதே லொறிக்குச் சாரதியானார். மாநகர சபையில் கிளார்க்காக இருந்த இராஜகுமாரியை அவள் வீட்டார் முகம் சுளிக்கச் சுளிக்கக் கல்யாணம் செய்தார். அவள் எடுத்துக்கொடுத்த கடனில் வேன் வந்தது. அந்த வேனில் சாமிப் படம் கிடையாது, முன்னால் எலுமிச்சம்பழமும் தொங்காது. யாராவது கேட்டால், "பிரேக் இருக்குங்க, அது போதும்," என்பார்.

தொடக்கத்தில் அவர் ஏற்றியவர்கள் வீட்டுவேலைக்கு வளைகுடா போன பெண்கள். நாடு வங்குரோத்தாகி, பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்துக்குப் பிறகு ஆட்கள் மாறினார்கள். கெம்பஸ்காரர்கள் ஏறத் தொடங்கினார்கள். விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர், கூடவே மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளின் வயலின். ராஜலிங்கம் அவர்களை ஒருநாளும் வைததில்லை. சம்பளம் கையிலேயே கரைந்தது, வரி ஏறியது, ஆராய்ச்சிக்குக் கேட்ட காசு வரவில்லை. மனிதர் என்ன செய்வார்? அரசாங்கமே அல்லவா சொன்னது, சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போங்கள், எங்களுக்குச் செலவு மிச்சம் என்று. அப்படிப் போனவரின் கதிரை அவர் பெயரிலேயே இருக்கும். அதில் இன்னொருவரை உட்காரவைக்க முடியாது. ஒரேயடியாக விலகிப் போனவரின் கதிரை காலியாக இருக்கும். அதற்கு ஆள் எடுக்கக் காசில்லை என்பார்கள். கதிரைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பாடம் நடத்த ஆள்தான் இல்லை.

தொழிலில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏறுகிறவரிடம் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பதில்லை. ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டார். தலை நரைத்த அந்தப் பேராசிரியர் கலகெதரயில் தொடங்கி, குருநாகல் தாண்டும் வரை குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். அன்றிலிருந்து ராஜலிங்கம் வாயைப் பூட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்காததால், போனவர்கள் எல்லாரும் போனவர்கள்தான் என்று அவர் மனத்தில் பதிந்துபோயிற்று.

போனவர்களில், கல்லையும் மலையையும் பற்றிய பாடமான புவிச்சரிதவியல் படிப்பித்த சுதேஷ் சேரும் ஒருவர். கனடாவுக்குப் புறப்பட்ட அன்று சைக்கிளையும் ஆர்கிட்டுகளையும் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெட்டி நிறையக் கல்லும் ஒரு சுத்தியலும் கொடுத்தார். ஆர்கிட்டுகளுக்கு இராஜகுமாரி தண்ணீர் ஊற்றினாள். கல்லை மகள் தனுஜா எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணோடு தெருவில் போவதே சிரமமாகிவிட்டது. வெட்டிவிட்ட மலைச்சரிவைக் கண்டால் நின்றுவிடுவாள், மண்ணைக் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பாள். மழைக்கு மழை மலை ஏன் சரிகிறது, சரிகிற மலைக்குக் கீழே ஏன் எப்போதும் லயம் இருக்கிறது என்று கேட்பாள். முதல் கேள்விக்கு ராஜலிங்கத்துக்குப் பதில் தெரியாது. இரண்டாவதற்கு நன்றாகவே தெரியும். தோட்டத் துரையின் பங்களா சரிகிற இடத்தில் கட்டப்படுவதில்லை.

தனுஜாவின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. அப்பாவின் காலை வாரிய கணிதத்தில் மகள் ஏ எடுத்திருந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலாவதாகப் போடும் பாடத்துக்குப் புள்ளி போதுமானால் அதுதான் கிடைக்கும். விண்ணப்பம் மூடிய பிறகு நினைத்தபடி மாற்ற முடியாது. தனுஜா யோசிக்கவே இல்லை. கண்டிக் கெம்பஸில் பௌதிக விஞ்ஞானம், அதற்குள் போய்ப் புவிச்சரிதவியல்.

"அது வேணாம்," என்றார் ராஜலிங்கம்.

"ஏன்ப்பா?"

"அங்க ஆள் இல்ல. நான்தானே கொண்டுபோய் விட்டேன்."

"எல்லாரையுமா?"

"வீட்டச் சுத்திப் பாரு. சைக்கிள் யாரோடது? கல்லு வாத்தியாரோடது. மீன்தொட்டி? பௌதிகவியல். நாய்? புள்ளிவிபரவியல். உன் பீடமே நம்ம வீட்லதான் இருக்கு. அங்க போய் யாருகிட்ட படிப்ப?"

"நாய்கிட்டயே படிக்கலாம்," என்றாள் இராஜகுமாரி, மீன்தொட்டியிலிருந்து வெங்காயம் எடுத்தபடி. "அதுதான் ரொம்ப வருஷம் கெம்பஸ்ல இருந்திச்சு."

தனுஜா சிரித்தாள். ராஜலிங்கம் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த பத்திரிகைத் தாளை எடுத்து விரித்தார். கொழும்பில் ஒரு தனியார் கெம்பஸ், முழுப்பக்க விளம்பரம், வெளிநாட்டுப் பட்டம், குளிரூட்டிய வகுப்பறை.

"இங்க போ. வேனை வித்துடுறேன். றிஸ்வி கேட்டுக்கிட்டே இருக்கான்."

றிஸ்வி அலவத்துகொடக்காரன், அவனும் எயார்போர்ட் ஓட்டுகிறவன். அவனுடைய வேனின் இன்ஜின் பிடித்துப்போய்க் கராஜில் கிடந்தது. ராஜலிங்கத்தின் வேன்மீது அவனுக்கு ஒரு கண்.

இராஜகுமாரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "வேனை வித்துட்டு நீங்க என்ன ஓட்டுவீங்க? அந்தச் சைக்கிளையா? அது நின்ன இடத்துலதான் ஓடும்."

"வேன் வித்த காசுல நான் படிக்க மாட்டேன்," என்றாள் தனுஜா.

"நீ படிக்கத்தான்டி வேனே வாங்கினது." ராஜலிங்கத்தின் குரல் உயர்ந்தது. "எங்க அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனக்கு ஓ எல்லோட முடிஞ்சிச்சு. மூணாவது தலைமுறையில ஒரு புள்ள வாசலுக்கு வந்திருக்கு. அந்த நேரம் பாத்து உள்ள இருக்கிறவன் சாமான் கட்டுறான். பணக்காரன் புள்ள எப்பிடியும் வெளிநாட்டுல படிச்சுக்கும். எங்களுக்கு இருந்தது இந்த இலவசக் கல்வி ஒண்ணு. அதையும் ஆள் இல்லாத கட்டடமா ஆக்கிட்டு, இந்தா வச்சுக்கன்னா, இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லதான்," என்றாள் இராஜகுமாரி. "வேனை வித்தா வந்துருமா?"

விண்ணப்பம் மூடுவதற்கு அதிக நாள் இல்லை. அப்பாவின் மனம் ஒப்பாமல் அனுப்பவும் தனுஜாவுக்கு விருப்பமில்லை. அவர் வெறுமனே எதிர்த்து நின்றிருந்தால் சண்டை போட்டிருப்பாள். வேனை விற்கத் துணிந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த இழுபறியில் றிஸ்வியிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், ஞாயித்துக்கிழம ஒரு ஹயர் இரிக்கி. என்ட தங்கச்சி பஸ்லினா. கெம்பஸ்ல படிச்சுக் குடுக்கிறாளே, கல்லு டிபார்ட்மென்ட். எயார்போர்ட்டுக்கு உடணும். என்ட வேன்தான் படுத்துக் கெடக்கே. அப்பிடியே உன்ட வேன்ட கதையையும் அடுத்த நாள் பேசி முடிப்பம்."

ராஜலிங்கம் சரி என்று போனை வைத்தார். பஸ்லினா எங்கே போகிறாள், எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழில் பழக்கம்.

"கல்லு டிபார்ட்மென்ட்ல மிச்சம் இருந்த ஆளும் கெளம்புது," என்றார் மகளிடம். "ஞாயித்துக்கிழம என்னோட வா. நான் சொன்னா நம்ப மாட்ட. கண்ணால பாரு."

ஞாயிறு காலை அலவத்துகொடயில் றிஸ்வியின் வீட்டு வாசலில் ஒரு சூட்கேஸ் நின்றது. ராஜலிங்கம் அதைத் தூக்கப் போனார். அது அசையவில்லை. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு மறுபடியும் முயன்றார். முதுகெலும்பில் ஏதோ சொடுக்கியது.

"என்ன மச்சான் இது, கல்லா?"

"கல்லுத்தான்," என்றான் றிஸ்வி.

அவன் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்து ராஜலிங்கம் சிரித்தார். இருவருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினார்கள். உள்ளே என்னவோ கலகலவென்று உருண்டது. பாத்திரம் பண்டம் வரை கட்டிக்கொண்டு போகிறாள், இனி வரமாட்டாள் என்று முடிவு செய்துகொண்டார்.

பஸ்லினாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமுக்காட்டின் மேல் ஏற்றிவிட்டு, அதையே இரண்டு கையாலும் தேடிக்கொண்டு வந்தாள். கை இரண்டும் தேடலில் இருந்ததால் தோள், இடுப்பு எங்கும் பைகள். ஒரு பை நிறைய மாணவர்களின் கள ஆய்வு அறிக்கைகள். ஏறி உட்கார்ந்து, தனுஜாவைப் பார்த்து, "உங்களுக்கு என்ட கண்ணாடி தெரியுதா?" என்றாள்.

"தலையில இருக்கு, மிஸ்."

"அல்ஹம்துலில்லாஹ். மூணு நாளா இப்பிடித்தான்."

வேன் திரும்பவும் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, குருநாகல் வீதியில் ஏறியது. பஸ்லினா சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். கலகெதர வளைவுகள் வந்தபோது அவள் முகம் பச்சையாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

"வேன்ல வாசிக்க எனக்கு ஏலா. வாசிக்காமலும் ஏலா. மூணு பேர்ட வேல என்னிட்ட. பிளேன்ல ஏற முன்னுக்கு இந்தக் கட்டு முடியணும்."

"நான் வாசிக்கட்டுமா, மிஸ்? நீங்க கண்ண மூடிக்கிட்டே சொல்லுங்க."

பஸ்லினா கண்ணைத் திறக்காமலே கட்டை நீட்டினாள். தனுஜா ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழாக்கிக்கொண்டே போனாள்.

"'பாறையின் நிறம்: சோகமான சாம்பல்.'"

"சோகம் ஏனாம்?"

"எழுதல்ல, மிஸ்."

"காரணம் எழுதியிருந்தா முழுப் புள்ளி குடுத்திருப்பேன். பாதி போடுங்க."

"இது அடுத்தது. 'மலை சரிந்ததற்குக் காரணம் மழை. மழைக்குக் காரணம் வானிலை அவதான நிலையம்.'"

ராஜலிங்கத்தால் அடக்க முடியவில்லை. ஸ்டியரிங் குலுங்கச் சிரித்தார். பஸ்லினா மூடிய கண்ணோடு, "சிரிக்காதீங்க அண்ணன், இவன் அரசியலுக்குப் போவான்," என்றாள்.

நாலாவது அறிக்கையில் தனுஜா வாசிப்பை நிறுத்தினாள். "மிஸ், இதுல படம் தலைகீழா இருக்கு போல. அடியில இருக்க வேண்டிய படைய மேல கீறியிருக்காங்க."

பஸ்லினா ஒரு கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தாள். பிறகு மறு கண்ணையும் திறந்தாள். "இதெல்லாம் ஸ்கூல்ல இல்லையே. எங்க படிச்சீங்க?"

"படிக்கல்ல, மிஸ். சுதேஷ் சேரோட கல்லுப் பெட்டி எங்க வீட்லதான் இருக்கு. அதோட ரெண்டு புத்தகமும் இருந்திச்சு."

"ஆ, உங்க ஊட்லயா?" பஸ்லினா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ஆர்கிட்டும்? சைக்கிளும்? அவர் வந்து ஆறு மாசமாவுது. திருப்பிக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இரிக்கார்."

வேன் வீதியோரமாக நின்றது. ராஜலிங்கம் கழுத்தைத் திருப்பினார்.

"யாரு வந்தது?"

"சுதேஷ் சேர்."

"அவர நான்தானே கொண்டுபோய் விட்டேன்."

"விட்டா வரக் கூடாதா அண்ணன்? அங்க அவரப் பாறைக்குக் கிட்டவே உடல்லயாம். ரோட்டுக்குப் போடுற தார் சரியா இரிக்கான்னு பாக்கச் சொல்லி ஒரு கம்பனி வேலைக்கு எடுத்திச்சாம். பாத்துப் பாத்து அலுத்துப்போய் வந்துட்டார்."

"வர்றப்போ என்னைக் கூப்பிடலயே."

"பஸ்லதான் வந்தார். உங்களக் கூப்பிட்டா சைக்கிளக் கேக்கிற மாதிரி ஆகிரும்னு."

பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. ராஜலிங்கம் வேனைக் கிளப்பினார். அடுத்த கேள்வி அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது, கேட்டுப் பழக்கமில்லை. தனுஜா கேட்டுவிட்டாள்.

"நீங்க எப்ப திரும்புவீங்க, மிஸ்?"

ராஜலிங்கம் தோளைக் குறுக்கிக்கொண்டு அழுகைக்குக் காத்திருந்தார்.

"மூணு கிழமையில," என்றாள் பஸ்லினா. "தவணை லீவு முடிய முன்னுக்கு வந்துரணும். வராட்டி ரெண்டாம் வருஷப் புள்ளைகள்ட பாடத்த எடுக்கிறது யாரு?"

சூட்கேஸில் இருந்தது கல்லேதான். கல்லைப் பொடியாக்கி அதற்குள் என்ன இருக்கிறது என்று காட்டுகிற மெஷின் ஒன்று கெம்பஸில் உண்டு. அது பழுதாகி இரண்டு வருடம். வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னப் பாகம் வர வேண்டும். அதற்கான காசு மேலே எங்கேயோ ஒப்புதலுக்குக் காத்துக்கிடந்தது. ஜப்பானில் பஸ்லினாவோடு படித்து அங்கேயே வேலை பார்க்கும் சிநேகிதி, என் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வா என்றாள். ஆகவே அனுமதிப் பத்திரம் எடுத்து, டிக்கெட்டுக்குத் தன் நகையை அடகு வைத்து, லீவில் கல்லைக் காவிக்கொண்டு போகிறாள்.

"என்ன கல்லு அது, அப்பிடி?" என்றார் ராஜலிங்கம்.

"போன மழைக்குச் சரிஞ்ச மலைகள்ட கல்லு. எந்த மலை அடுத்ததாச் சரியும்னு ஓரளவுக்குச் சொல்லலாமான்னு பாக்கிறேன். ஹந்தானைக்கு அந்தப் பக்கத்துக் கல்லும் இரிக்கி."

ராஜலிங்கம் வேகத்தைக் குறைத்தார். அவருடைய அண்ணன் இன்னும் அந்தப் பக்கத்து லயத்தில்தான் இருக்கிறார். அந்த மலையைப் பற்றி அங்கே வாழ்கிறவர்களின் உயிரை நினைத்து, மகளைத் தவிர இன்னொருவர் கேள்வி கேட்டதை அவர் தன் வாழ்நாளில் இப்போதுதான் கேட்கிறார். அதையும் ஒரு பெண் தன் நகையை வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாட்டில் கொடிக்கம்பத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் காசு தட்டுப்படுவதே இல்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கிறேன். உள்ளதச் சொல்லணும். என் புள்ள உங்ககிட்ட வந்து படிக்கணும்னு நிக்கிது. விடலாமா?"

வளைவுகள் முடிந்து வீதி நேராகும் வரை பஸ்லினா யோசித்தாள்.

"பன்னெண்டு கதிரை. சுதேஷ் சேரையும் சேத்து அஞ்சு பேர் இரிக்கோம். பாடம் நடக்கும், பிந்தித்தான் நடக்கும். மூணாம் வருஷத்தில ஒரு பாடம் எடுக்க ஆளில்லாம நிக்கிது. நாலு வருஷப் படிப்பு நாலு வருஷத்தில முடியும்னு என்னால சத்தியம் பண்ண ஏலா. படிக்கிற புள்ளைய நாங்க படிக்க வைப்போம். அத மட்டும் சொல்லலாம். வேற எங்க போடப் பாக்கிறீங்க?"

ராஜலிங்கம் தனியார் கெம்பஸைச் சொன்னார்.

"அங்க யாரு புவிச்சரிதவியல் படிச்சுக் குடுக்கிறாங்க?"

"அந்தப் பாடம் அங்க இல்லையாம். வணிக முகாமைத்துவம் இருக்கு."

"விளம்பரத்தில படிச்சுக் குடுக்கிறவங்கட பேர் ஏதும் இரிக்கா?"

"சிரிக்கிற புள்ளைங்க படம் இருக்கு," என்றார் ராஜலிங்கம், குரலைத் தாழ்த்தி. தனுஜா அறிக்கைக் கட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

விமான நிலையத்தில் சூட்கேஸைத் தள்ளுவண்டியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. பஸ்லினா திருத்தி முடித்த கட்டைத் தனுஜாவிடம் கொடுத்து, நானா றிஸ்வியிடம் சேர்க்கச் சொன்னாள். கண்ணாடியைத் தேடினாள், கண்டுபிடித்தாள், போய்விட்டாள்.

அப்பாவும் மகளும் வேன்காரர்கள் கூடும் தேநீர்க் கடைக்குப் போனார்கள். அங்கே கிருஷ்ணராஜ் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்து வேன் ஓட்டுகிறவர். ராஜலிங்கத்துக்கு நீண்ட நாள் பழக்கம்.

"வாங்கோ அண்ணை. இண்டைக்கு ஆரை விட்டனீங்கள்?"

"கெம்பஸ் மிஸ் ஒருத்தங்க. எங்க கெம்பஸ்ல இருந்து ஆள் போய்க்கிட்டே இருக்குன்னு சொல்லியிருக்கேனே."

"உங்கட கம்பஸ் மட்டுமே போகுது?" கிருஷ்ணராஜ் கோப்பையை வைத்தார். "கொழும்பு ஆக்களை நான் ஏத்துறன். யாழ்ப்பாணத்து ஆக்களை என்ரை தம்பி ஏத்துறான். காலிப் பக்கத்து ஆக்களை உந்தா அந்த நீல வேன்காரர். நாங்கள் எல்லாரும் சேந்தா ஒரு கம்பஸே திறக்கலாம். அவ்வளவு சேர்மாரையும் எங்களுக்குத்தான் தெரியும்."

"தனியார்ல இருந்து போக மாட்டாங்கதானே. அங்க சம்பளம் நல்லம்."

"இண்டைக்கு நான் விட்டது தனியார் கம்பஸ் சேர் ஒராளைத்தான். பிள்ளையள் சேருறது குறைஞ்சு போச்செண்டு சம்பளமில்லாத லீவு குடுத்து வீட்டை அனுப்பிப்போட்டினம். லீவிலை நிண்ட மனுசன் டுபாய்க்கு வெளிக்கிட்டிட்டார்."

ராஜலிங்கம் எந்தக் கெம்பஸ் என்று கேட்டார். அவர் சட்டைப்பையில் இருந்த கெம்பஸ் அது இல்லை. ஆனால் அதுவும் முழுப்பக்க விளம்பரம் போட்டதுதான். அதிலும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தான் ஏற்றியவர்களை மட்டும் பார்த்து, தன் ஊர்க் கெம்பஸ்தான் நாட்டிலேயே காலியாகிறது என்று நம்பியிருக்கிறார். மற்ற ஊர்க் கெம்பஸ்களுக்கும் வேன் உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வந்து இறங்குகிறவர்களையோ அவர் ஏற்றுவதே இல்லை. அவர்கள் பஸ்ஸில் போகிறார்கள். சாமிப் படத்தை நம்பாத மனிதர் தன் வேனின் பின் சீட்டை நம்பிவிட்டார்.

தனுஜா விடவில்லை. "அப்பா, நீங்க என்னைக் கொழும்புக்கு அனுப்புவீங்க. இந்த மாமா பயந்து அவர் புள்ளையக் கண்டிக்கு அனுப்புவாரு. வழியில குருநாகல்ல நாங்க ரெண்டு பேரும் கை காட்டிக்கலாம்."

"என்ரை மகள் ஏற்கெனவே கண்டியிலைதான் படிக்கிறாள்," என்றார் கிருஷ்ணராஜ். "உந்தப் பயத்திலைதான் அனுப்பினனான்."

கடையே சிரித்தது. ராஜலிங்கமும் சிரிக்க வேண்டியதாயிற்று.

திரும்பும் வழியில் கலகெதர ஏற்றத்தில் ராஜலிங்கம், "அத முதல்ல போடு," என்றார்.

"எத?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. கல்ல."

தனுஜா போனை எடுத்தாள். "நிச்சயமாப்பா? பாடம் பிந்தும். மெஷின் பழுது. அஞ்சு பேர்தான்."

"எல்லா இடத்துலயும் இழுபறிதான். இழுபறிதான்னா உனக்குப் புடிச்சத படி. ஆனா ஒண்ணு, அஞ்சு பேர் போதும்னு நீ சும்மா இருந்துறாத. பன்னெண்டு கதிரைக்குப் பன்னெண்டு பேர் வேணும்னு கேக்கணும். கேக்கிறதுக்கு நானும் வருவேன்."

"சரி. ரெண்டாவது எத போடுறது?"

ரெண்டாவது எது என்பதில் இருவரும் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை சண்டை போட்டார்கள். வீட்டில் இராஜகுமாரியும் சேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, ராகு காலம் முடிந்த பிறகு அனுப்புங்கள் என்றாள். "ராகு காலத்துலதான் இன்டர்நெட் ஒழுங்கா வேல செய்யுது, அக்கா," என்று இராஜகுமாரி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

மறுநாள் றிஸ்வி வந்து வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், டயரை உதைத்தான்.

"விக்கல, மச்சான்," என்றார் ராஜலிங்கம்.

"என்ட தங்கச்சி என்னத்தச் சொன்னா உனக்கு?"

"உள்ளதச் சொல்லிச்சு."

"அதுதானே பார்த்தேன். அவள பஸ்லயே அனுப்பியிருக்கணும்." வீட்டுக்குள் வந்தவன் சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொண்டு, இராஜகுமாரி கொடுத்த தேத்தண்ணியில் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இன்ஜின் வேலைக்கு ராஜலிங்கத்துக்குத் தெரிந்த கராஜ் ஒன்றை விசாரித்துக்கொண்டு போனான்.

அந்தக் கிழமையே சைக்கிளும் ஆர்கிட்டும் சுதேஷ் சேரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கல்லுப் பெட்டியை அவர் வாங்க மறுத்தார். துணி காயப்போட இடமில்லாமல் இராஜகுமாரி ஒரு மாதம் முணுமுணுத்தாள்.

அடுத்த வருடம் தனுஜாவுக்கு அனுமதி கிடைத்தது. வகுப்புத் தொடங்குகிற நாளன்று ராஜலிங்கம் வேனைக் கழுவி, மகளை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். கெம்பஸ் வாசல் மூடிக் கிடந்தது. விரிவுரையாளர்களும் மாணவர்களும் வீதியோரம் நின்று கோஷம் போட்டார்கள். ஒரு நாள் வேலைநிறுத்தம். வெற்றிடங்களை நிரப்பு என்று மூன்று மொழியிலும் எழுதிய நீளமான துணி. அதன் ஒரு முனையைப் பஸ்லினா பிடித்திருந்தாள். மறுமுனை தரையில் கிடந்தது.

"ஆள் காணாது," என்றாள் தனுஜாவைப் பார்த்து. "இதப் புடிக்கவும் ஆள் காணாது."

தனுஜா புத்தகப் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு மறுமுனையை எடுத்துப் பிடித்தாள். துணி இழுபட்டு நேரானது. ராஜலிங்கம் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து நடுவில் நின்றார். கோஷம் சிங்களத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு சொல் பிந்தினாலும் எல்லாரையும் விட உரக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற மாணவன் திரும்பிப் பார்த்தான்.

"அங்கிள் எந்தப் பீடம்?"

"பெத்தவங்க பீடம்," என்றார் ராஜலிங்கம். "முதலாம் வருஷம்."